இரண்டரை மணி விடியல்

ஆசாரிபள்ளத்தில் டாக்டர்
தாளில் ஒரு நெஞ்சு வரைந்தார்.
முந்நூறு மரத்தில் கோடு கீறுகிற எனக்கு
அவர் கோட்டின் கோணல்தான் முதலில் தெரிந்தது.
"குழாய் சுருங்கியிருக்கு, நேசபாய்.
ஏற்றம் ஏறினா நெஞ்சு கூடுதல் ரத்தம் கேட்கும்,
குழாய் கைவிரிக்கும்.
அந்தச் சண்டைதான் வலி."

வலி என்று நான் சொன்னதே இல்லை.
நிறைந்த பால்வாளியை யாரோ
மார்மேல் இறக்கிவைத்து
எடுக்க மறந்துபோனதுபோல
ஒரு இறுக்கம்.
வாயு என்று மூன்று மாதம்
பெருங்காயம் தின்றேன்.

நாலு மாத்திரை, தனியே ஒரு குப்பி.

ஒன்று நெஞ்சைப் பைய நடக்கச் சொல்லும்.
பைய நடந்தால் தீனி கொஞ்சம் போதும்.
சரிதான்,
ஆனால் மூணு மரத்துக்கொரு தரம் நிற்கிறேன்.
விரல்நுனி கத்தியைவிடக் குளிர்ந்து கிடக்கிறது.
கனவில் மரங்கள்
எனக்குத் தெரியாத பாஷையில் வழக்குப் பேசுகின்றன.
நிறுத்திரட்டா என்று அனிஷா சிஸ்டரிடம் கேட்டேன்.
"தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினா
பேச்சிப்பாறை இறக்கத்தில
பிரேக்கு விட்ட பஸ்சுதான் அக்கா."

இன்னொன்று குழாயின் சுவரைத் தளர்த்தும்.
சாயங்காலம் நீர் இறங்கிக் கணுக்கால் வீங்கும்.
அமுக்கினால் விழுகிற குழி
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
பூட்ஸ் ஏறவில்லை.
மகனின் பழைய செருப்பில் போனேன்.

செருப்பில் போனால் அட்டை விடுமா?
முன்னெல்லாம் உப்பு வைத்தால் தீர்ந்தது.
இப்போது ஒரு கடி
அரைமணி நேரம் ஒழுகுகிறது.
ரத்தம் கட்டாதிருக்கத்தானே மூன்றாம் மாத்திரை,
அட்டைக்கும் அதே தொழில்.
இது எனக்குப் புதுசில்லை.
ஆசிட் விட்டால் பால் கட்டியாகும்.
அமோனியா விட்டால்
கம்பெனி வாசல்வரை பாலாகவே போகும்.
நான் இப்போது அமோனியா விட்ட பால்.

குப்பியில் இருப்பது நாக்கடிக்கு.
முதலில் உட்கார், பிறகு வை;
நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழுவாய்.
சின்ன எரிச்சல்.
பிறகு உடம்பெங்கும் நரம்பு விரியும்.
கோதையாற்று வெள்ளத்தைப் பாதி வழியில்
சானலில் திருப்பிவிட்டதுபோல
நெஞ்சுக்கு வரத்துக் குறையும்.
வாளியை யாரோ எடுப்பார்கள்.
எடுத்து
என் தலையில் வைப்பார்கள்.
அப்படியொரு தலைவலி.
ஐந்து நிமிஷத்தில் இறுக்கம் விடவில்லையென்றால்
கௌரவம் பாராமல் நூற்றியெட்டைக் கூப்பிட வேண்டும்.

நாலாவதில்தான் வழக்கு வந்தது.
குப்பிக்குச் சொந்தம்தான் அது, நின்று வேலை செய்கிற வகை.
காலை எட்டு, மதியம் மூன்று.
ராத்திரி கிடையாது.
"எந்நேரமும் இருந்தா உடம்பு பழகிரும்.
பிறகு மருந்து கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது."

சிரித்துவிட்டேன்.
"மரத்தையும் நாங்க
ஒருநாள் விட்டுத்தான் வெட்டுவோம், டாக்டர்.
தினமும் கத்தி வைத்தால்
பட்டை வறண்டு பால் நின்றுபோகும்."
அவரும் சிரித்தார்.
"அதேதான். நீங்க தூங்குற நேரம் மருந்தும் தூங்கட்டும்."

"நான் தூங்குற நேரம் கேட்டீங்களா?"

பேனா நின்றது.

"எனக்க விடியல் ரெண்டரை மணி.
நெற்றியில லைட்டைக் கட்டிட்டு
மூணேகாலுக்கு மேட்டுல நிப்பேன்.
வாளி மார்ல இறங்குறது அப்பதான்.
உங்க மருந்து அப்ப
நல்ல உறக்கம்."

வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
அவர் எட்டை வெட்டினார், மூன்றை வெட்டினார்.
இரண்டு என்று எழுதி, காலை ஒன்பது என்று எழுதி,
கொஞ்ச நாள் மேட்டு வரிசையை
வேறொருத்தருக்குக் கொடுக்க முடியுமா என்றார்.
கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
கேட்கவில்லை.

இன்று மேடு.
நூற்றிநாற்பதாம் மரத்தடியில் நின்றேன்,
பழக்கத்துக்கு.
வாளி இறங்கவில்லை.
துணியில் சுற்றிய குப்பி திறக்கப்படாமல் மடியில் இருந்தது.
தலைவலி மட்டும்
லைட்டு கட்டிய அதே இடத்தில்
அதுவும் ஒரு லைட்டைப்போல.

சிரட்டையில் சொட்டு விழுகிறது.
குனிந்து பார்த்தேன்.
கணுக்காலில் ஒரு அட்டை.
அதற்கும் விடியல் இந்த நேரம்தான்.