தேதி இடாத கடிதம்

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.
சுங்கை மெராவான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
சீன மருந்துக்கடையின் மேல்மாடி,
சட்டமன்ற உறுப்பினர் சேவை மையம்.
காற்றாடி ஓடினால் விளக்கு மங்கும்.

பதவி விலகுகிறேன் என்று மலாயில் மூன்று வரி.
கீழே, கோதண்டபாணி த/பெ சின்னையா.
தேதி இருக்க வேண்டிய இடத்தில்
கட்சி சொன்னபடி ஒரு விரல்கடை வெள்ளை.
"தாவினா அவங்களே நிரப்பிக்குவாங்க" என்றார்
தே ஓவை ஆற்றிக்கொண்டே.
"பனைக்குலை சுமந்த இடுப்பும்மா இது.
எங்க தாவ?"

ஆலைத் தொழிற்சங்கத்தில் ஏழு வருடம் செயலாளர்.
இரண்டு தேர்தலில் வைப்புத்தொகை போயிற்று.
மூன்றாவதில் நானூற்றுப் பதினொரு ஓட்டில் ஜெயித்து
ஆட்சிக்குழுவில் இடம், கறுப்புக் கார்.
லயத்துச் சந்தில் அந்தக் கார் திரும்பாது.
முனையில் இறங்கிச் சப்பாத்தைக் கையில் பிடித்து
சேற்றில் நடப்பார்.
ஓட்டுநர் ஹம்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரிப்பான்.

பதினோரு மாதம்.

நாற்பத்திரண்டு வீட்டுக்கு நிலப்பட்டா.
கோப்பு நில அலுவலகம் போய், அளவைக்குப் போய்,
ஒரு கையெழுத்துக் குறைகிறதென்று திரும்பி,
மறுபடி போய்,
வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைக்கப்படும் என்ற சீட்டோடு நின்றது.
புதன் இரவு மூன்று பேரைக் காணவில்லை.

வெள்ளி காலை தொலைக்காட்சியில் தெரிந்தார்கள்,
எதிர்ப்பக்க நாற்காலியில், மடிப்புக் கலையாத சட்டையில்.
ஒருவர் தனராஜு.
போன தீபாவளிக்கு எங்கள் மாடிக்கு
அரிசி மூட்டை தூக்கி வந்தவர்.
அவர்களும் வெள்ளை விட்ட கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள்தான்.
கட்சி தேதியை நிரப்பி அனுப்பியது.
செல்லாதாம்.
விலகுகிறவன் கையால்தான் தேதி விழ வேண்டுமாம்.

அப்புறம் எல்லாமே இரண்டு.
இரண்டு மந்திரி பெசார், இரண்டு சபாநாயகர்,
செங்கோல் மட்டும் ஒன்று,
அது எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியவில்லை.
சட்டமன்றக் கதவில் சங்கிலி.
கார் நிறுத்துமிடத்தில் நின்று
ஒலிபெருக்கி இல்லாமல், சங்கத்துக் குரலில்
விதி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒய்.பி.
மழை பிடித்தது.
குறிப்பெடுத்த ரொகாயா காகிதங்களைத்
தூடோங்குக்குள் செருகிக்கொண்டாள்.

இங்கே மாடிப்படியில் வரிசை.
"இப்ப கவர்மெண்டு யாரு தங்கச்சி?
பையனுக்கு சூராட் யார்கிட்ட வாங்குறது?"
முத்திரையில் இன்னும் ஆட்சிக்குழு உறுப்பினர் என்றிருந்தது.
அந்த வரியை செலோடேப்பால் மூடிக் குத்தினேன்.
மை கசிந்து பாதி தெரிந்தது.

ஒரு ராத்திரி இரண்டு பேர் வந்தார்கள்.
பை எதுவும் கொண்டுவரவில்லை,
எங்கள் கோப்பைக் கொண்டுவந்திருந்தார்கள்,
அதே சீட்டு, அதே பழைய க்ளிப்.
"இந்தப் பக்கம் வந்து உட்காருங்க.
வியாழக்கிழமை நாற்பத்திரண்டும் கையெழுத்தாகும்."
ஒய்.பி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.
பதினேழாம் எண்ணில் விரல் நின்றது.
அது எங்கள் வீடு.
என்னைப் பார்க்கவில்லை.
கோப்பை மூடி அவர்கள் பக்கம் நகர்த்தினார்.
"படியில லைட்டு இல்ல, பார்த்து இறங்குங்க."

வழக்கு நடந்தது. தோற்றோம்.
அடுத்த தேர்தலில் லயம் எந்தப் பக்கம் போட்டதென்று
வாக்குப்பெட்டிக்குத் தெரியும்,
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பட்டா வந்தது, முப்பத்தெட்டு வீட்டுக்கு.
மேடையில் தனராஜு எடுத்துக் கொடுத்தார்.
பந்தலின் கடைசி வரிசையில்
கோதண்டபாணி நின்று கை தட்டினார்,
நிஜமாகவே தட்டினார், நான் பார்த்தேன்.
பதினேழு வரவில்லை.

அவர் செய்தது சரியென்று நான் நாலு பேரிடம் சொல்வதுண்டு.
மழைநாளில் கூரைத் தகரத்துக்குக் கீழ்
வாளி வைக்கும்போது சொல்வதில்லை.

இப்போது குலை ஏற்றும் லோரி ஒன்று ஓட்டுகிறார்.
போன வாரம் என் கடைக்கு வந்தார், சாலை வரி பாரம் நிரப்ப.
கடிதம் என் இழுப்பறையில்தான் இருக்கிறது என்றேன்.
"இன்னுமா?" என்றவர்
சில்லறையை எண்ணி வைத்தார்.
இருபது காசு குறைந்தது.
அப்புறம் தருகிறேன் என்று இறங்கிப் போனார்.