வெள்ளைக் கோடு

செப்டம்பர், முதல் திங்கள்.
வடகடல் மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
கேட்டில் பிக்கர்ஸ்கில், தலைமை ஆசிரியர், குடையில்லாமல்
ஒவ்வொரு காலாகப் பார்த்து உள்ளே விட்டார்.
முகம் அப்புறம்தான்.

நான் வரவேற்பு மேசைக்காரி. பதினோரு வருடம்.
போன் எடுப்பேன், மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு தருவேன்,
மேசைக்கடியில் உள்ள பெட்டியிலிருந்து
யாரோ விட்டுப்போன கறுப்பு ஷூவை
யாருக்கோ மாட்டி அனுப்புவேன்.
இரவல் பெட்டி என்று நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
செத்தவன் ஷூ என்கின்றன பிள்ளைகள்.

கீலி தெர்ல்வெல், எட்டாம் வகுப்பு.
தோல் கறுப்பு, நாடா கறுப்பு.
அடிப்பாகத்தை ஒட்டி மட்டும்
நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.
அதையும் அவள் அம்மா மார்க்கரால் அடைத்திருந்தாள்,
மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து,
அடுப்படி விளக்கில், பிசிறில்லாமல்.

மழைக்கு அது தெரியவில்லை.

கேட்டிலிருந்து என் மேசை வரை,
விடுமுறையில் மெழுகு பூசிய தரை முழுக்க
கறுப்பாய் நடந்து வந்திருந்தாள்.
ஷூவில் கோடு வெள்ளை வெளேரென்று சிரித்தது.

ஒன்பதரைக்கு அம்மா வந்தாள்.
தலைவலையைக் கழற்ற மறந்திருந்தாள்.
"ஒரு கோடு," என்றாள். "ஒரே ஒரு கோடு."
"இன்றைக்குக் கோடு. நாளைக்குக் கம்பெனிச் சின்னம்.
அடுத்த மாதம் நூறு பவுண்டு ஷூ," என்றார் அவர்.
"அது வாங்க முடியாத பிள்ளைக்காகத்தான் இந்த விதி.
நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன், அம்மா."
பொய்யில்லை. காது நுனி சிவந்திருந்தது.

"வித்தியாசம் தெரியக் கூடாது, அவ்வளவுதானே?
எழுநூறு பிள்ளைகள் வகுப்பில்.
என் பிள்ளை மட்டும் நடைவழி நாற்காலியில்.
இப்போது தெரியவில்லையா?"

அவர் வாயைத் திறந்தார். போன் அடித்தது.
நான் எடுத்தாக வேண்டும்.
வேறொரு அப்பா. பாவாடை நீளம். கத்தினார்.
ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தபடி
என் காலிரண்டையும் நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டேன்.
என் ஷூவிலும் கோடு உண்டு.
பதினோரு வருடமாக மேசை மறைக்கிறது.

மூன்று நாள் கீலி என் எதிரே.
பெட்டி ஷூவைத் தொடவே மாட்டேன் என்று ஒரே பிடி.
காலுறையை ஹீட்டரில் விரித்துவிட்டு
வெறுங்காலை நாற்காலிக் கம்பியில் கொக்கி போட்டபடி
பின்னக் கணக்குப் போட்டாள்.
ஏழில் மூன்று, ஐந்தில் இரண்டு, எது பெரியது?
என்னைக் கேட்டாள். எனக்கும் மறந்துவிட்டது.

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஓர் எழுத்துப் போட வேண்டும்.
வந்தாள் என்றால், வகுப்பில் இல்லை.
வரவில்லை என்றால்,
இதோ, என் டப்பாவில் கடைசி பிஸ்கட்டைத் தின்கிறாள்.
மூன்று நாளும் பென்சிலால் எழுதினேன்.

தரையில் தடங்கள் போகவில்லை.
துப்புரவுக்கு வரும் கிரேசினா முழங்காலிட்டுத் தேய்த்துவிட்டு
மெழுகுக்குள் இறங்கிவிட்டது என்றாள்.
பிக்கர்ஸ்கில் அவற்றை மிதிக்காமல்
சுவரோரமாகப் போய்வருகிறார். கவனித்தேன்.

வியாழன் காலை புது ஷூ.
அம்மா ரசீதை என் மேசையில் வைத்தாள்.
"கோப்பில் போடுங்கள்."
வேறொன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள்.
இரண்டு அளவு பெரியது. இரண்டு வருடம் வர வேண்டுமே.

கீலி நடந்தாள்.
குதிகால் எழும்பி விழுந்தது: டப். டப். டப்.
நூலகம் தாண்டி, ஆய்வகம் தாண்டி,
அவர் அறை வாசலில் கொஞ்சம் மெதுவாக,
வேண்டுமென்றே: டப்.

கதவு திறந்தது. பார்த்தார். தலை முதல் கால் வரை கறுப்பு.
கதவு மூடியது.

பதினான்கு பக்க விதிப்புத்தகத்தில்
சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.
நான் தேடிப் பார்த்துவிட்டேன்.
அவரும் இப்போது உள்ளே
பக்கம் புரட்டுவது கேட்கிறது.