ஆடியில் காயாதவை

ஒன்பது படம். எண்ணெய் வண்ணம்.
மூன்றடிக்கு இரண்டடி, தாழ்வாரத்தில் மாட்ட.
ஊட்டியில் பார்க்க வேண்டியதெல்லாம் இருக்கணும் மேடம் என்றார்
விடுதி மேலாளர் ரத்னவேலு.
முன்பணம் வாங்கியது சித்திரையில்.
கித்தானை இழுத்து ஆணியடித்தது ஆனிக் கடைசியில்.
தப்பு என்னுடையதுதான்.

ஆடியில் இந்த ஊரில்
துணி காயாது, விறகு காயாது, மூக்கு காயாது.
ஆளிவிதை எண்ணெயா காயும்?
திங்களன்று பூசிய தேவாலயத்து மஞ்சள்
வெள்ளியன்றும் விரலோடு வருகிறது.
ரயில் நிலையக் கூரையில் இறங்கிய கொசு ஒன்று
சிவப்பில் கால் புதைந்து நின்றுவிட்டது.
எடுத்தால் ஓடு பெயரும்.
ரயிலைத் தவறவிட்ட யாரோ என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஹம்சாவின் வர்க்கி அடுப்புதான் கைகொடுத்தது.
இரவு பதினொன்றுக்கு மேல்,
தட்டுகள் இறங்கிய பிறகு,
அடுப்பின் முதுகுச் சுவரோரம்
மைதா மூட்டைகளுக்கு நடுவே
நூலகமும் நீதிமன்றமும்
வெதுவெதுப்பாகச் சாய்ந்து நிற்கும்.
"கலெக்டர் ஆபீஸ் மேல மாவு பறக்குதே?"
"மிஸ்டுன்னு சொல்லிக்கலாம்."

மேலாளருக்கு மிஸ்ட் ஆகாது.
நான்காவது படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு
சர்ச் எங்கே என்றார்.
அங்கேதான் இருக்கிறது,
கொஞ்சம் நின்றால் விலகும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

எட்டாவது, சேரிங் கிராஸ் நீரூற்று.
குடைக்கடியில் முக்காலி, முழங்காலில் கித்தான்,
பக்கத்தில் கேரட்காரியின் கூடை.
பச்சையும் வெள்ளையுமாக மூன்று நாள் வளர்த்தேன்.
நான்காம் நாள் போனால்
சுற்றிலும் சவுக்குச் சாரம்,
இடுப்புவரை கருநீலம்.
மந்திரி வருகிறாராம்.

சாரத்தின் மேல் மங்கி கேப்,
அதற்குள் ஒரு முகம், கையில் நாலங்குலப் பட்டைத் தூரிகை.
"என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?"
குனிந்து என் மடியைப் பார்த்தார்.
"நீங்களும் ஆயிலா?"
"ஆமா."
"நானும் ஆயில்தான்" என்றார் ஜெபநேசன்.
"உங்களுது ட்யூபு, நம்மளுது டப்பா."

இந்த ஈரத்தில் காயுமா என்று கேட்டேன்.
"காயுறதுக்கா அடிக்கிறோம்?
மந்திரி கார் தாண்டுற வரைக்கும் நின்னாப் போதும்."

டீ குடித்தோம்.
பட்டிக் கத்தியால் அவர் சுரண்டிப் போட்ட செதில் ஒன்று
கட்டைவிரல் நகமளவு.
விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன்:
வர்க்கிபோல் அடுக்கடுக்காக
பச்சை, வெள்ளை, வெள்ளிப் பூச்சு, மறுபடி பச்சை,
வெளிர்நீலம், காவி.
அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஒரு கறுப்பு.
"ரெண்டாவது பச்சை, என் கல்யாண வருசம்" என்றார்.
"அந்தக் காவி எனக்கு முந்தி யாரோ.
எப்படி இழுத்திருக்கான் பாருங்க,
ஒரே சீரா, முடி அளவு.
இப்ப யாருக்கு வரும் அந்தக் கை?
எனக்கு வராது."

அன்று என் பச்சையை நான் துடைக்கவில்லை.
ஈரத்தின் மேலேயே நீலத்தை இழுத்தேன்.
இரண்டும் சேர்ந்து
குளத்துப் பாசி அழுகியது போல் ஒன்று ஆனது.
அதன்மேல் சவுக்குக் கழிகள்,
இரண்டு கால்கள், தொங்கும் டப்பா.
செதில் சட்டைப் பையில் இருந்தது;
படத்தில் ஒட்டிவிடலாமா என்று தோன்றி
வேண்டாம் என்றும் தோன்றியது.

பர்லியாறில் மண் சரிந்தது.
மந்திரி மேட்டுப்பாளையத்தோடு திரும்பினார்.
கான்ட்ராக்டர் டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
சாரம் மட்டும் நிற்கிறது, நீரூற்று இடுப்புவரை நீலம்.

படத்தைப் பார்த்த ரத்னவேலு
இப்படியா இருக்கும் என்று கேட்டுவிட்டு
குடையை எடுத்துக்கொண்டு
நேரில் பார்க்கவே கிளம்பினார்.
நானும் கித்தானோடு பின்னால் போனேன்.
அவர் அதையும் இதையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க,
நான் நீரூற்றை ஒரு விரலாலும்
படத்தை மறு விரலாலும் தொட்டேன்.

இரண்டும் ஒட்டின.