பேர் விழாத நாள்

செவ்வாய், வெள்ளி மட்டும் என்று
சுவரில் நீலத்தில் எழுதியிருக்கும்.
வலி புதன்கிழமை இரவு வந்தது.

வியாழன் முழுக்கக் கொழுந்து மலையில்
இடது கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு
பதினெட்டுக் கிலோ எடுத்தேன்.
மேஸ்திரி சங்கிலிமுத்து தராசைப் பார்த்தார்,
என் கன்னத்தைப் பார்த்தார்.
"என்ன யோகராணி, ஒரு பக்கம் மட்டும் தேறிட்டே?"
சிரித்தால் குளிர்காற்று பல்லுக்குள் போகும்.
சிரிக்கவில்லை.

காலை ஆறு பத்து வண்டி.
கீழ்ச்சோலையிலிருந்து கோத்தகிரி ஏறுகிற வரைக்கும்
ஒவ்வொரு வளைவிலும்
பல் எனக்கு முன்னால் திரும்பியது.

சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்டார்கள்:
பேர்?
இங்கே பேர் என்றால் பேர்தான்.
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
மலைக்குப் போனால் பேர் விழும்,
பாதியில் இறங்கினால் அரைப்பேர்.
இங்கே என் பேரை எழுதிக்கொண்டிருந்த நேரம்
அங்கே செக்ரோலில் என் பேருக்கு நேரே
கோடு போட்டிருப்பார்கள்.

டோக்கன் இருபத்தாறு.
பக்கத்தில் கேரட் கழுவுகிற ஒருவர்
துண்டுக்குள்ளிருந்து பேசினார்:
போன வெள்ளி கரண்ட் இல்லை,
அதற்கு முந்தின வெள்ளி டாக்டர் இல்லை, முகாமாம்.
இன்றைக்கு ரெண்டும் இருக்கு என்றார்,
பந்தியில் முதல் இலை கிடைத்தவர் மாதிரி.

டாக்டர் ஷெரினுக்குச் சின்ன வயசு.
சின்னக் கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டினார்.
என் கால் தானாக உதறியது.
"வேர் நல்லா இருக்கும்மா. வேர் சிகிச்சை பண்ணினா
இன்னும் இருபது வருஷம் வரும்."
இங்கேயா?
"இங்க பிடுங்கத்தான் சாமான் இருக்கு.
கோயம்புத்தூர்ல பண்ணுவாங்க, நாலு தடவை போகணும்.
தனியார்னா ஐயாயிரம். தொப்பி தனி."
தொப்பியா?
பல்லுக்குத் தொப்பியாம்.
மழைக்கே நான் உரச்சாக்கைத்தான்
மடித்துத் தலையில் போடுகிறேன்.

காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினேன்.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், எனக்காக.
இருதயம் இதில் வரும், சிறுநீரகம் வரும்,
பல் வராது.
மழை மாதத்தில் காலில் ஏறுகிற அட்டை
இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.
உடம்பில் எந்த இடமென்றாலும் அதற்குச் சம்மதம்.

நாலு தடவை என்றால் நாலு பேர்.
இருபது வருஷத்தை அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
வாடகையும் மகனின் ஐடிஐ கட்டணமும்
ஏற்கெனவே இந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தன.
"பிடுங்கிடுங்கம்மா."

ஊசிக்குப் பிறகு
முகத்தில் பாதி மூடுபனிக்குள் போய்விட்டது.
மூன்றாவது இழுப்பில் டாக்டர்
"மன்னிச்சிரு" என்றார் மெல்ல.
பல்லிடமா என்னிடமா தெரியவில்லை.

பல்லைக் கேட்டேன்.
தரக்கூடாதாம். மஞ்சள் பையில் போட்டுக்
கணக்கெழுதி அனுப்ப வேண்டுமாம்.
எடை போடுவார்களா என்று கேட்க வாயெடுத்தேன்,
வாய் முழுக்கப் பஞ்சு.

திரும்பும் வண்டியில் கண்டக்டர்
காசில்லாத டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு
எங்கே இறங்கணும் என்றார்.
கீழ்ச்சோலை என்று பஞ்சுக்குள் சொன்னேன்.
மறுபடி கேட்டார். கீழே என்று விரலைக் காட்டினேன்.
வண்டியே எனக்காக ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தது.
அரவேணுவா? முள்ளூரா? குஞ்சப்பனையா?
ஒரு பிள்ளை மேட்டுப்பாளையமா என்றது.
கடைசியில் இறங்க வேண்டிய இடத்தில்
எழுந்து நின்றேன்.

சனிக்கிழமை கொழுந்து கிள்ளும்போது
நாக்கு அந்தப் பள்ளத்துக்கே போய்ப் போய் வந்தது.
கிள்ளின இடத்தில் செடி
பதினைந்து நாளில் மறுபடி தளிர்த்துவிடும்.

எடை போடும்போது மேஸ்திரி கேட்டார்:
நேத்து ஏன் பேர் இல்லை?
வாயைத் திறந்து காட்டினேன்.
சுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு
அவரும் திறந்து காட்டினார்.
மேலே இரண்டு, கீழே மூன்று.