விலை: ஒரு டாலர்

டுலூத் வண்டிப் பதிவு அலுவலகம். டோக்கன் நாற்பத்தியேழு.
"விற்பனையா, அன்பளிப்பா?"
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.
"அன்பளிப்பு" என்றான் தோர்வால்ட்.
"விற்பனை" என்றேன்.

அண்ணன் கொடுத்து
திரும்பக் கேட்காத பொருள் கிடையாது.
பனிச்சறுக்குக் காலணி,
ஒருமுறை பாதி தின்ற ஆப்பிள்.

நான்கு கால் டாலர் காசுகளை எண்ணி வைத்தேன்.

ஓடிய தூரம் என்ற கட்டத்தில்
முப்பத்தோராயிரத்துச் சொச்சம் மைல் என்று எழுதினான்.
அதில் நானூறு
அவனுக்குத் தெரியாமல் நான் ஓட்டியது.

கையெழுத்தின் நடுவே பேனா கொஞ்சம் நின்றது.
சாவியைத் தந்தான்.
தலைக்கவசத்தைத் தரவில்லை.

வெளியே ஏரிக்காற்று.
இவனிடம் சண்டித்தனம் செய்யும் வண்டி
முதல் உதையிலேயே கிளம்பியது.

பின்சீட்டில் ஏறியவனுக்குக்
கைகளை எங்கே வைப்பதென்று
தெரியவில்லை.