நாற்பத்தோராவது வரி

பதினோரு வருடம் முன்னால் ஒரு வியாழன்,
இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.
நாற்பத்தோராவது வரியில்
எதையாவது போட்டாக வேண்டும்.
இருந்ததிலேயே எளிதானதைப் போட்டேன்.
வேண்டுபவர்கள் மாற்றிக்கொள்ளலாம்
என்று கையேட்டில் ஒரு வாக்கியம்,
அதுவும் பதினேழாம் பக்கத்தில்.

யார் மாற்றுவார்கள்?
வாடகை வீட்டு விளக்கை
எரிகிற வரை யார் கழற்றுகிறார்கள்?

சோதனைக்கு என் பெயரையே கொடுத்தேன்.
கோராஸ்த் ப்ளெஷ்கோ உள்ளே போய்
குப்பையாக வெளியே வந்தான்.
புரியாவிட்டால் பத்திரம் என்று நம்புகிற வயது.
மடிக்கணினியை மூடிவிட்டு
லூப்லியானித்சா பாலத்தைக் கடந்து
வீட்டுக்குப் போனேன், பசியோடு.

போன நவம்பரில் மரிபோரிலிருந்து வந்தாள்
நெவென்கா ஷ்டெர்நாட்.
அடிக்கிற கணவர்களை விட்டு ஓடிவரும் பெண்களுக்கு
ஒரு வீடு நடத்துகிறவள்.
அந்த வீட்டுக்கு முகவரி கிடையாது.
கடிதங்கள் தலைமைத் தபால் நிலையத்திலேயே கிடக்கும்,
வாரம் ஒருமுறை
வேறு வேறு ஆள் போய் எடுத்து வருவார்கள்.

கோட்டைக் கழற்றாமலே
மேசையில் ஒரு தாளை வைத்தாள்.
"எங்கள் கோப்பு. உங்கள் மென்பொருள் பூட்டியது.
போலீஸ் அவன் காரில் எடுத்தது."
யாரோ ஒருத்தியின் கணவன்.
காணாமல் போன எங்கள் பழைய கணினி
அவனிடம் இருந்திருக்கிறது.
சாவி அவனிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை.
எண்களுக்கு நிறம் கொடுத்துப் பார்த்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

தாளில் ஒரு வீடு.
சாம்பல் புள்ளிகளுக்குள் சுவர்கள்,
கோணலாய்த் திரும்பும் படிக்கட்டு,
பின்பக்கம் ஒரு கதவு.

பனி விழுந்த திராட்சைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்.
எல்லாம் வெள்ளை,
ஆனாலும் எந்த வரிசை எங்கே ஓடுகிறதென்று தெரியும்.
என் வரி செய்தது அதைத்தான்.
ஒரே மாதிரித் துண்டு வந்தால்
ஒரே மாதிரிப் போர்வை.
சுவருக்கு ஒன்று, வெற்றிடத்துக்கு ஒன்று.
போர்வைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்
கீழே படுத்திருப்பது எதுவென்று.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்,
பூசணி விளைகிற சீமைக்காரியிடம்.

நகராட்சியில் கட்டட வரைபடங்களை
யாரும் கேட்டுப் பார்க்கலாம்.
அந்தக் கோணல் படிக்கட்டை வைத்துக்கொண்டு
பதினெட்டு நாள் தேடியிருக்கிறான்.

"யாருக்காவது..." என்று ஆரம்பித்தேன்.
"இல்லை. நாய் குரைத்தது" என்றாள்.
"நாய்க்கு நாங்கள் எதையும்
அமைத்துக் கொடுக்கவில்லை.
அதுவாகவே குரைத்தது."

அப்போதுதான் சொன்னேன்,
சொல்லியிருக்கக் கூடாது:
"கையேட்டில் எழுதியிருந்தேன்."
கொஞ்ச நேரம் என் காபிக் கோப்பையைப் பார்த்தாள்.
"ராத்திரி இரண்டு மணிக்கு
ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு வந்து நிற்கிறாள்.
பாதுகாக்கவும் என்று ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தினேன்.
நீங்கள்தானே அப்படி எழுதினீர்கள்?"

அன்றிரவு அந்த வரியை மாற்றினேன்.
மாற்ற நாலு நிமிடம் ஆனது.
காலையில் திட்டுகள் வரத் தொடங்கின.
ஓசியெக்கில் ஒரு கிடங்கில் லேபிள் அச்சாகவில்லையாம்,
கிராட்ஸில் ஒரு பல் மருத்துவர்
பழைய எக்ஸ்ரேக்களைத் திறக்க முடியாமல் கத்துகிறார்.
நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது,
எதற்குக் கை வைத்தாய்?
எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதினேன்,
பிறகு அந்தப் பதிலே
ஒரே போர்வைபோல் இருப்பதாகப் பட்டு
ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத் தொடங்கி
வெள்ளிக்கிழமையோடு விட்டுவிட்டேன்.

பதினோரு வருடக் கோப்புகள்
யார் யார் அலமாரியிலோ இருக்கின்றன,
பூட்டியிருக்கிறது என்ற நிம்மதியோடு.
எத்தனை என்று தெரியாது.
அவற்றுக்கு நான் கடிதம் போட முடியாது.

பிப்ரவரியில் நெவென்கா கூப்பிட்டாள்.
வீடு மாறிவிட்டதாம்.
எங்கே என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நாயைக் கூட்டிப் போனீர்களா
என்று மட்டும் கேட்டேன்.