கழித்தல்

பூனையைத் தனியாக நிறுக்க முடியாது.
மெஷினில் வைத்தால்
எண் நிலைக்கும் முன்பே இறங்கிப் போய்விடும்.
அதனால் ஞாயிறு காலைகளில்
கிராம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுகிறேன்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
அதை இறக்கிவிட்டுத் திரும்ப ஏறுகிறேன்.
ஐம்பத்தேழு புள்ளி இரண்டு.
என்னைக் கழித்தால் வருவது
கிராம்பு.

காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்: 4.2.
அது ஐப்பசி.
அயனாவரம் முழுக்கக் காயாத துணி நாற்றம்.
தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு அது நகராததை
தாகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேப்பேரியில் எட்டு மணிக்குள் டோக்கன் வாங்கவேண்டும்.
பெஞ்சில் இந்தப் பக்கம்
செருப்பு டப்பாவுக்குள் லவ் பேர்ட்ஸ்.
அந்தப் பக்கம் புளியந்தோப்பு ஆடு,
வயிற்றில் குட்டி திரும்பிக் கிடக்கிறதாம்.
நாய்களைப் பார்த்து மிரளாதிருக்க
ஆட்டுக்காரர் அதன் கண்மேல் துண்டைப் போட்டிருந்தார்.
"பேஷன்ட் பேரு?"
கிராம்பு.
"வயசு?"
தெரியாது. சைக்கிள் ஸ்டாண்டில்
நனைந்து கிடந்த நாள் மட்டும் தெரியும்.
"பன்னெண்டுன்னு போட்டுக்கிறேன்" என்று
சீட்டு எழுதுபவரே ஒரு வயதைக் கொடுத்தார்.

கிட்னி, என்றார் டாக்டர்.
சின்னப் பெண். புறங்கையெல்லாம் ஆறாத கீறல்.
சரியாகும் என்று அவர் சொல்லவில்லை.
"மெதுவாக்கலாம்" என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள்
ஸ்கிரீன் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கும்.
பிடரித் தோலைக் கூடாரம்போல் இழுத்து
அதற்குள் ஊசி. நூறு மில்லி.
முதல் தடவை ஊசி தோலின் மறுபுறம் வந்து
என் கட்டைவிரலைக் குத்தியது.
தண்ணீர் இறங்கும் நேரத்துக்கு
ஆபீஸ் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களைச் சொல்வேன்,
மெதுவாக, அதன் காதோரம்:
ஓட்டேரி. புரசைவாக்கம். டவுட்டன்.
எழும்பூர் வருவதற்குள் பாட்டிலில் கோடு இறங்கிவிடும்.
பிறகு, ஒரு தோளில் மட்டும் மூட்டை ஏற்றியவனைப்போல
சாய்ந்து சாய்ந்து கட்டிலடிக்குப் போகும்.

மெடிக்கல் ஷாப்பில்
"டிரிப் செட் யாருக்கு மேடம்?"
வீட்டில் ஒருத்தருக்கு, என்றேன்.
இப்போது வாரந்தோறும் கேட்கிறார்,
"அவங்க சாப்பிடறாங்களா?"
கொஞ்சம், என்கிறேன்.

காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் ரெஜினா அக்கா
சங்கரா தலையை வழக்கம்போல்
தனியாக எடுத்து வைத்திருந்தார்.
மீன் கூடாதாம்க்கா.
"பூனைக்கு மீன் வாணாம்ன்றவன்லாம் ஒரு டாக்டரா?"
இரண்டு மாடியும் இறங்கும்வரை ஏசிக்கொண்டே போனார்.
மறுநாள் வந்து, குரலை இறக்கி,
"கொஞ்சூண்டு கூடவா?"

மதுராந்தகத்தில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு.
"பூனையப் பாத்துக்க ஒரு ஆள் கெடைக்காதா உனக்கு?"
கிடைப்பார்கள். சோறு வைப்பார்கள்.
நிறுத்தங்களை வரிசை தப்பாமல் சொல்ல
ஆள் கிடைக்காது என்பதை
போனில் எப்படிச் சொல்வது.
லீவு இல்லை என்றேன்.

தையில் 3.6.
பங்குனியில் எழுதியதை அழித்து
மறுபடி அதையே எழுதியிருக்கிறேன்.

இந்த ஞாயிறு இருவரும் ஏறினோம்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
அதே எண், ஐப்பசியில் வந்த அதே எண்.
அது முகர்ந்துவிட்டு விலகும் தயிர்சாதத்தை
வீணாக்காமல் தின்றதில்
அது விட்டதையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.
கையில் இருப்பது பழைய எடை இல்லை.
கைக்குத் தெரிகிறது அது,
மெஷினுக்குத் தெரியவில்லை.

இப்போது இறக்கிவிட்டு
நான் மட்டும் ஏறவேண்டும்.
பென்சில் காதில் இருக்கிறது.
அதன் நகம் ஒன்று நைட்டி நூலில் மாட்டியிருக்கிறது.
கீழே அந்த எண் கொஞ்ச நேரம் எரிந்தது.
பிறகு தானாகவே அணைந்தது.
நாங்கள் இறங்கவில்லை.